தப்பும் தவறுமாய் ஒரு வீராங்கனை

முடிவெடுப்பதில் ரோலண்ட் டிட்மரை மிஞ்ச ஆள் கிடையாது. எடுத்த முடிவை மனைவியிடம் சொல்லும்போதுதான் அதற்கு உயிர் போகும். ஆகவே, பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், வீட்டின் கீழ்த்தளத்தை எந்த மனிதப் பிறவிக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தபோது, அதை முதலில் காருக்குள் அமர்ந்து, கதவுகளைச் சாத்திக்கொண்டு, தனக்குத் தானே உரக்கச் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. கம்பீரமாகக்கூட இருந்தது.

அந்த மனிதப் பிறவி அவனுடைய மாமியார் ஹெர்தா. எண்பத்தோரு வயது. ஜனவரிப் பனியில் தபால் பெட்டிவரை நடக்கப் போய், வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். சிகிச்சை இல்லத்தில் ஒரு மாதமாகக் கிடக்கிறார். அங்கே தருகிற காப்பியைப் பற்றி அவர் சொல்லும் சொற்களை அச்சில் ஏற்ற முடியாது. இன்னும் இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு படிகூட ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

டிட்மர் வீடு விஸ்கான்சினில், ஏரியைப் பார்த்த சரிவில் கட்டியது. தெருவாசலுக்கு ஒன்பது படி. படுக்கையறைக்குப் பதினான்கு. பின்புறத்துக் கீழ்த்தளம் ஒன்றுக்குத்தான் தோட்டத்திலிருந்து காலைத் தூக்காமல் நடந்து வரலாம். பக்கத்திலேயே குளியலறையும் உண்டு. அந்தக் கீழ்த்தளத்தின் நட்டநடுவே ரோலண்ட் தன் கையாலேயே இழைத்த ஓக் மேசை கிடந்தது. பதினான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பிற்பகல் இரண்டு மணிக்கு அதைச் சுற்றி ஆறு பேர் கூடிப் பூதங்களைக் கொன்றுவந்தார்கள்.

ஆட்டம் எளிமையானது. ஒவ்வொருவரும் ஒரு வீரனையோ மந்திரவாதியையோ தாளில் எழுதி வைத்திருப்பார்கள்: வலிமை இத்தனை, அறிவு இத்தனை, கவசம் இன்னது, ஆயுதம் இன்னது. ஓய்வுபெற்ற தபால்காரர் நார்பர்ட் கிளிம்செக் கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துவார். இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண் எதிரியின் கவச எண்ணைத் தொட்டதா, அடி பட்டதா இல்லையா என்று பார்ப்பார்கள். இதில் வயது வந்த மனிதர்கள் பதினான்கு ஆண்டு என்ன கண்டார்கள் என்று கேட்பவர்கள், தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்து பிறர் ஓடிப் பந்து பிடிப்பதைப் பார்ப்பதில் தாங்கள் என்ன கண்டார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

மற்றவர்கள் விளையாடினார்கள். ரோலண்ட் ஆராய்ந்தான். சண்டைக்காரர்களில் எவன் சிறந்தவன் என்பதே அவன் ஆராய்ச்சி. கணினியில் நாற்பத்தொரு பத்தி கொண்ட அட்டவணை ஒன்று அதற்கென்றே இருந்தது. அவன் கணக்கில் சண்டைக்காரர்கள் மூன்று சாதி. முதலாமவன் வெட்டுகிறவன், இரண்டு கையாலும் பெரிய ஆயுதத்தைப் பிடித்து, எதிரியைப் பிளந்துவிட்டுப் பிறகு பெயரைக் கேட்பவன். இரண்டாமவன் தாங்குகிறவன், கேடயத்தை ஏந்திப் பிறருக்கு விழும் அடியை வாங்கிக்கொள்பவன். மூன்றாமவன் தடுக்கிறவன், நீளக் கம்பை நீட்டிக்கொண்டு யாரையும் கிட்டே விடாமல் நிற்பவன். மூன்றாமவனுக்கு ரோலண்டின் அட்டவணையில் கடைசி இடம். 'வாசல் காவல்காரன்' என்று பெயரும் வைத்திருந்தான்.

அவனுடைய வீரன் எலும்புநொறுக்கி துர்காக் முதல் சாதி. ஒரே கோடரி, ஆள் உயரம். வலிமை இருபது. அந்த வலிமைக்காக அறிவிலிருந்தும் நிதானத்திலிருந்தும் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டதால், துர்காக்குக்குக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்பதே பகடை உருட்டிப் பார்க்க வேண்டிய சங்கதி. ரோலண்டுக்கு அதில் வருத்தமில்லை. அட்டவணையின் உச்சியில் துர்காக் இருந்தான்.

ரோலண்டின் பிழைப்பும் ஆராய்ச்சிதான். ஊர் வீடுகளின் மின்கம்பி வேலையைச் சோதிக்கும் ஆய்வாளன் அவன். பிழை கண்டால் சிவப்பு மையில் சீட்டு எழுதி ஒட்டுவான். பிழை இல்லாவிட்டால் அன்றைக்கு முகம் வாடியிருக்கும். உணவகத்துக்குப் போனால் உணவுப் பட்டியலின் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுத்தான் சாப்பிடுவான். திருமணத்தன்று பாதிரியார் தேதியைத் தவறாகச் சொன்னபோது, மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டே திருத்தியவன். மணப்பெண் லோர்னா அன்றைக்கே அதைக் குறித்துக்கொண்டாள்.

லோர்னா நடுநிலைப் பள்ளியில் சாப்பாட்டுக் கூடத்தின் மேற்பார்வையாளர். பகல் பதினொன்று நாற்பதுக்கு நானூறு பிள்ளைகள் பசியோடு அந்தக் கதவை நோக்கி ஓடி வருவார்கள். அவள் வாசலில் நிற்பாள். நானூறும் வரிசையாகும்.

அந்த ஞாயிறு, இல்லத்தில் ஹெர்தாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும், கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று லோர்னா யோசிக்கத் தொடங்கினாள். ரோலண்ட் தொண்டையைச் செருமினான். காருக்குள் ஒத்திகை பார்த்த வாசகத்தில் பாதிதான் வெளியே வந்தது. லோர்னா திரும்பிப் பார்த்ததில் மறுபாதி உள்ளேயே கரைந்துபோயிற்று. அந்த இக்கட்டில்தான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது.

"நமக்குள்ள எதுக்கு வாக்குவாதம்? நம்ம வீரங்க சண்டை போட்டுத் தீத்துக்கட்டும்."

"எனக்கு ஏது வீரன்?"

"எழுதிக்கோ. பதிமூணு நாள் இருக்கு. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, ரெண்டு மணி. ஒத்தைக்கு ஒத்தை. நார்பர்ட் நடுவர். நீ ஜெயிச்சா அறை உங்கம்மாவுக்கு. நான் ஜெயிச்சா அவங்க மூணு மாசம் அந்த இல்லத்துலயே இருக்கட்டும்."

லோர்னா கட்டிலுக்காகப் பார்த்துவைத்த சுவரை ஒருமுறை பார்த்தாள். காலையில் அம்மா தன் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணியதை அவள் நினைத்திருக்கலாம்.

"நான் ஒரு தடவகூட விளையாண்டதில்ல."

"தெரியும்," என்றான் ரோலண்ட். நியாயம் என்பதை அவன் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தான்.

விளையாடியதில்லை என்பது உண்மை. ஆனால் கீழ்த்தளத்திலிருந்து வீட்டுக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய் நேராகச் சமையலறைக்குத்தான் வருகிறது. பதினான்கு ஆண்டுச் சனிக்கிழமைகளின் ஒவ்வொரு வார்த்தையும் சூடாக அவள் காதுக்கு வந்து சேர்ந்திருந்தது. ரோலண்ட் அதை யோசிக்கவில்லை. ஒப்பந்தத்தை எழுதினான். இருவரும் கையெழுத்திட்டார்கள். மறுநாள் திங்களன்று லோர்னா பள்ளியிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். ஒரு சின்ன வேலை இருந்தது என்றாள். ரோலண்ட் என்ன வேலை என்று கேட்கவில்லை. வெற்றி உறுதியான மனிதன் சில்லறை விவரம் கேட்பதில்லை.

செவ்வாய்க் காலை அவன் கஞ்சிக் கிண்ணத்துக்கு அருகே ஒரு தாள் கிடந்தது. தலைப்பில் 'பெர்னீஸ், சண்டைக்காரி' என்று எழுதியிருந்தது.

"பெர்னீஸா? சண்டைக்காரிக்கு இது ஒரு பேரா?"

"எங்க பள்ளிக்கூடத்துல முன்னால பெர்னீஸ்னு ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க நடைவழியில நின்னா தலைமையாசிரியரே சுத்திக்கிட்டுப் போவாரு."

பெயரை ரோலண்ட் பொறுத்துக்கொண்டான். அதற்குக் கீழே இருந்ததைப் பொறுக்க முடியவில்லை. வலிமை ஒன்பது. வசீகரம் பதினேழு. ஆயுதம்: துடைப்பம். ஒரு கரண்டி உண்டான். தாளைப் பார்த்தான். இன்னொரு கரண்டி வாய்வரை போய்த் திரும்பி வந்தது. எதிரியின் தாள், எதிரியின் தப்பு, தனக்கு லாபம். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் உறையில்லாத தாமிரக்கம்பி சுவருக்கு வெளியே தொங்குவதைப் பார்த்துவிட்டு எந்த ஆய்வாளனால் கஞ்சி குடிக்க முடியும்?

"லோர்னா, சும்மா தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்கறேன். சண்டைக்காரிக்கு வசீகரம் எதுக்கு?"

"சிரிச்ச முகமா இருந்தா நல்லதுதானே."

அவன் பேனாவை எடுத்தான். சிவப்புப் பேனா. வசீகரத்தையும் வலிமையையும் இடம் மாற்றினான். அவ்வளவுதான், அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தான். துடைப்பம் விடவில்லை.

"எனக்குக் கம்புதான் கைக்கு வரும்," என்றாள் லோர்னா, பாத்திரத்தைக் கழுவியபடியே. "கிட்டப் போய் வெட்டறதெல்லாம் பயம்."

"கம்புதான் வேணும்னா கம்பே எடு. நுனியில வெட்டுவாய் இருக்கற கம்பா எடு. பத்தடி எட்டும். துடைப்பத்தால எவனையாவது அடிச்சுக் கொல்ல முடியுமா?"

"உன்ன அடிக்கணும்னு எத்தனையோ தடவ நினைச்சிருக்கேன். கொல்லணும்னு நினைச்சதில்ல."

துடைப்பத்தை அடித்துவிட்டு 'அரிவாள் ஈட்டி' என்று எழுதினான். அன்று முழுவதும் அவனுக்கு மனது லேசாக இருந்தது.

வியாழக்கிழமை தாள் மறுபடியும் வந்தது. இம்முறை பெர்னீஸ் தோல்சட்டை அணிந்திருந்தாள். இரும்புக் கவசம் கனம், நிறமும் நன்றாக இல்லை என்று லோர்னா விளக்கினாள். தடிமனான இரும்பைப் போட்டால்தான் கவச எண் பதினெட்டாகும், தோலில் பதின்மூன்றுதான் என்று ரோலண்ட் இருபது நிமிடம் எடுத்துச் சொன்னான். அவள் தயங்கினாள். அவன் அவளைக் கேட்காமலே மாற்றினான். அலுவலகத்துக்கு அன்று தாமதம்.

அடுத்த ஞாயிறன்றுதான் உண்மையான போராட்டம். ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டு தனித்திறன் தேர்ந்தெடுக்கலாம். பெர்னீஸுக்கு லோர்னா எடுத்திருந்தவை: ஒன்று, நன்றாகச் சமைப்பாள். இரண்டு, மூன்று பாஷை பேசுவாள்.

ரோலண்ட் எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். வெளியே பனி. சற்று நேரம் அதைப் பார்த்தான். பிறகு திரும்பி வந்தான்.

"கையில பத்தடிக் கம்பு வெச்சிருக்கே. அதுக்குன்னே ரெண்டு திறன் இருக்கு. 'முதலடி', 'நிறுத்தல்'. அத விட்டுட்டுச் சமையலா?"

"சமையல் தெரிஞ்சா எங்க போனாலும் பொழச்சுக்கலாம்."

"அவ பொழைக்கப் போகல லோர்னா, சண்டைக்குப் போறா."

"இருக்கட்டும்ப்பா. எனக்குப் புடிச்சிருக்கு."

அவன் கெஞ்சினான். அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தன் மேசையையும் தன் சனிக்கிழமைகளையும் பறிக்க வருபவளிடம், அதற்கான ஆயுதத்தைத் தயவுசெய்து வாங்கிக்கொள்ளும்படி ஒரு மனிதன் அரைமணி நேரம் மன்றாடினான். இப்படி ஒரு தாள் டிட்மர் வீட்டிலிருந்து வெளியே போனால் நார்பர்ட் என்ன நினைப்பார் என்று கேட்டான். ஊர் என்ன நினைக்கும் என்று கேட்டான். ஊரில் மொத்தம் ஆறு பேருக்குத்தான் அந்தத் தாளைப் படிக்கத் தெரியும் என்று லோர்னா நினைவூட்டினாள். அந்த ஆறு பேரைத்தான் ஊர் என்று சொன்னேன் என்றான்.

கடைசியில் மூன்று பாஷையை விட்டுக்கொடுத்தாள். சமையலை விடவில்லை. மேலும் கால்மணி நேரம் கழித்து, பெருமூச்சோடு, அதையும் விட்டாள். ஆனால் அந்தத் திறன்கள் தனக்குப் புரியாது, யாராவது எழுதிக் கொடுத்தால்தான் உண்டு என்றாள். ரோலண்ட் சிவப்பு மையில், விதிப்புத்தகத்தின் பக்க எண்ணோடு, தாளின் ஓரத்தில் எழுதினான்: 'எதிரி உன் கம்பு எட்டும் தூரத்துக்குள் காலெடுத்து வைத்த கணமே, உன் முறை வராவிட்டாலும் அவனை ஓர் அடி அடிக்கலாம். அடி பட்டால் அவன் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். அந்தச் சுற்றில் ஓர் அடிகூட நகர முடியாது.' அடியில் கோடு போட்டான். எழுத்து அழகாக வந்திருந்தது.

புதன்கிழமை லோர்னா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உன் ஆளுகிட்ட எறியற மாதிரி எதுவும் கிடையாதா? ஈட்டி, வில்லு?"

"துர்காக்குக்கு எதுக்கு வில்லு?" என்று சிரித்தான் ரோலண்ட். "தூரத்துல நின்னு அடிக்கறது கோழைங்க வேலை. அட்டவணைப்படி ஒரு சுற்றுக்கு நாலு புள்ளி நஷ்டம்."

"அப்படியா," என்றாள் லோர்னா.

சனிக்கிழமை வந்தது. மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பீரில் ஊறிய பன்றித் தொத்திறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகள், கடித்தால் கீச்சிடும் பதத்தில், பெரிய கிண்ணம் நிறைய இருந்தன. மற்ற நால்வரும் நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்து வேடிக்கை பார்க்க அமர்ந்தார்கள். நார்பர்ட் கட்டம் போட்ட தாளை விரித்து, ஒரு கட்டம் ஐந்தடி என்று அறிவித்து, இரண்டு பொம்மைகளை எதிரெதிர் முனையில் வைத்தார். லோர்னா தன் தாளை முகம் கீழாக வைத்து, அதன் மேல் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக் கதவருகே நிற்கும்போது இருக்கும் அதே முகம்.

முதல் முறை ரோலண்டுக்கு விழுந்தது. துர்காக்கின் போர் முழக்கத்தை அவனே முழங்கினான். மேலே பூனை ஓடும் சத்தம் கேட்டது. துர்காக் கோடரியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான்: முப்பது அடி, இருபது, பத்து.

"நில்லு," என்றாள் லோர்னா. குரலை உயர்த்தவில்லை. பகடையை உருட்டினாள். பதினாறு. பட்டது.

"இருங்க, இருங்க," என்றான் ரோலண்ட். "இது என் முறை. அவ எப்படி நடுவுல அடிக்கலாம்?"

லோர்னா தாளைத் திருப்பி நார்பர்ட்டிடம் நீட்டினாள். நார்பர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்துக் குறிப்பைப் படித்தார். பிறகு இரண்டாம் முறையும், உதடு துடிக்கப் படித்தார்.

"விதி சரியாத்தான் இருக்குப்பா. பக்க எண்கூடப் போட்டிருக்கு. சிவப்பு மை வேற. இந்தக் கையெழுத்த எங்கயோ பாத்திருக்கேனே. எங்க வீட்டு மீட்டர் பெட்டி மேலயோ?"

நால்வரும் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் வீட்டு மீட்டர் பெட்டியிலும் அந்தக் கையெழுத்து இருந்தது.

துர்காக் பெர்னீஸுக்குப் பத்தடி தூரத்தில் நின்றான். அவன் கோடரி ஐந்தடிதான் எட்டும். எறிவதற்கு ஒரு கல்கூட அவனிடம் கிடையாது. நாற்பத்தொரு பத்தி அட்டவணையின் உச்சியில் வீற்றிருந்த வீரன் காற்றை இரண்டு முறை வெட்டினான். பெர்னீஸ் தன் முறைக்கு அவனை இரண்டு குத்துக் குத்திவிட்டு, வரிசையை ஒழுங்குபடுத்துகிறவளைப் போல நிதானமாகப் பத்தடி பின்னால் போய் நின்றாள். இரண்டாம் சுற்றிலும் அவன் ஓடினான்; அவள் நில்லு என்றாள்; அவன் நின்றான். யாரோ தொத்திறைச்சியைக் கடித்தபடி சிரித்தார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் ரோலண்டுக்கு உறைத்தது: தன் அட்டவணையில் எதிரி நகர்வதே இல்லை. பதினான்கு ஆண்டுகளாக அவன் அசையாத பொம்மை ஒன்றைத்தான் ஒவ்வொரு வீரனையும் வெட்டச் சொல்லிக் கணக்குப் போட்டிருந்தான்.

மூன்றாம் சுற்றில் லோர்னாவின் பகடை மூன்று காட்டியது. அடி தவறியது. ரோலண்ட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். துர்காக் உள்ளே நுழைந்தான். முதல் வெட்டு விழுந்ததில் பெர்னீஸின் உயிரில் முக்கால் போய்விட்டது. லோர்னாவின் முகத்தில் முதல் முறையாக நிறம் மாறியது. மேசைக்கடியில் அவள் விரல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. இன்னொரு வெட்டுப் பட்டால் ஹெர்தாவுக்கு மூன்று மாதக் கழுநீர்க் காப்பி.

ரோலண்ட் பகடையைக் கைக்குள் ஊதி உருட்டினான். எல்லாம் சேர்த்துப் பதினேழு.

"கவசம் எத்தனை?" என்று கேட்டார் நார்பர்ட்.

"பதினெட்டு," என்றாள் லோர்னா. "முதல்ல பதிமூணுதான் போட்டிருந்தேன்."

ரோலண்ட் மெல்ல உட்கார்ந்தான். அதன் பிறகு நடந்தது சண்டையல்ல, சடங்கு. பெர்னீஸ் இரண்டு குத்துக் குத்தினாள். எலும்புநொறுக்கி துர்காக், தன்னை வீழ்த்திய விதியின் பக்க எண்ணைக்கூட அறியாத அறிவோடு, கட்டம் போட்ட தாளில் குப்புற விழுந்தான். நார்பர்ட் பொம்மையைச் சாய்த்து வைத்து, தொப்பியைக் கழற்றினார்.

நால்வரும் ஓக் மேசையைக் காரேஜுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அங்கேதான் ஆட்டம், கம்பளிக் கோட்டோடு வந்துவிடுங்கள் என்று லோர்னா அவர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். சரியாக நான்கு மணிக்குத் தோட்டத்துப் பக்கம் ஒரு லாரி வந்து நின்றது. இரண்டு பேர் நீளமான அட்டைப் பெட்டிகளைக் கீழ்த்தளத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள்: ஏற்றி இறக்கும் வசதியுள்ள நோயாளிக் கட்டில்.

ரோலண்ட் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இதில் தன் விரல்கூடப் படாது என்று முடிவெடுத்திருந்தான். தோற்றவனுக்கும் மானம் உண்டு.

லோர்னா தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். விளக்கத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். கால்மாட்டுச் சட்டத்தை எடுத்துத் தலைமாட்டில் பொருத்தினாள். குட்டைத் திருகை நீளத் துளையில் விட்டு, எதிர்ப்பக்கமாகத் திருகத் தொடங்கினாள். திருகு கிறீச்சிட்டது.

ரோலண்ட் கண்ணை மூடிக்கொண்டான். காதை மூட முடியவில்லை.

"அது கால்மாடு," என்றான்.

"அப்படியா? பரவால்ல, எங்கம்மா திரும்பிப் படுத்துக்குவாங்க."

"மோட்டார் கம்பி எட்டாது லோர்னா."

"ஒட்டுப் போட்டு நீட்டிக்கலாம்."

ஒட்டுப் போட்டு. அவன் வீட்டில். அவன் முன்னாலேயே. திருகுசாவி எப்போது தன் கைக்கு வந்தது என்று ரோலண்டுக்குத் தெரியாது. ஐந்தே காலுக்குக் கட்டில் முடிந்தது. ஏறியது, இறங்கியது, துளி ஆட்டமில்லை. லோர்னா மெத்தையை விரித்து, தலையணையைத் தட்டி வைத்துவிட்டு, தொத்திறைச்சியைச் சூடாக்க மேலே போனாள். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, காலி அட்டைப் பெட்டிகளை மடிக்கத் தொடங்கினான். தோற்றாலும் கட்டில் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தான். இடுப்புப் பகுதியை இன்னும் இரண்டு சுற்று இறுக்கியதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு பெட்டியின் மேல் கடைக்காரரின் பதிவுச் சீட்டு ஒட்டியிருந்தது. பழக்க தோஷத்தில், பிழை ஏதும் இருக்கிறதா என்று ரோலண்ட் அதை வாசித்தான். பதிவு செய்த நாள் திங்கட்கிழமை. அவன் சவால் விட்டதற்கு மறுநாள். ஒப்படைக்க வேண்டிய நேரம், சண்டை நடக்கும் சனிக்கிழமை மாலை நான்கு மணி. பிழை ஏதுமில்லை.

அதற்குக் கீழே, 'கட்டிலைப் பொருத்தித் தர ஆள் வேண்டுமா?' என்ற கேள்விக்கு எதிரே, லோர்னாவின் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'வேண்டாம். நான் தப்பாகத் தொடங்குவேன். என் கணவர் முடித்துவிடுவார்.'